காகிதத்தில் மட்டும் ஏறிய ஆறு

அந்த வருஷம் ஆடி மாதம் முதல் தேதி தொடங்கிப் பதினேழாம் தேதி வரை தாமிரபரணி வற்றிக்கொண்டே போயிற்று. அதே பதினேழு நாளில் பாளையங்கோட்டை ஆபீசில் ஒரு காகிதத்தின் மேல் அது பாதி நாள் வற்றி, பாதி நாள் ஏறிக்கொண்டிருந்தது. அப்படி ஏற்றிவிட்டவன் நான்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணக்கில் ஒருநாளும் பேர் வாங்கினதில்லை. அப்படிப்பட்டவனுக்குக் கணக்கைப் பார்த்து மயிர்க்கூச்செறிகிற ஒரு பகல் வாய்த்தது. நினைத்தால் இப்போதும் உடம்பு ஒரு நிலையில் இருக்க மாட்டேன் என்கிறது.

மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணைக்கட்டு. அதன் ஓரக் கல்லில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அதற்குக் குறி என்று பேர். தினமும் விடிந்ததும் தண்ணீர் அந்தக் குறிக்கு எத்தனை அங்குலம் மேலே நிற்கிறது, அல்லது எத்தனை அங்குலம் கீழே நிற்கிறது என்று கோல் பிடித்துப் பார்த்து ஆபீஸ் நோட்டில் எழுத வேண்டும். அது என் வேலை. மேலே நின்றால் எண் மட்டும் போதும். கீழே நின்றால் எண்ணுக்கு முன்னால் சின்னதாக ஒரு படுக்கைக்கோடு போட வேண்டும். குறை என்று அதற்கு அர்த்தம். வாரத்துக்கு இரண்டு தரம் நகல் எடுத்துத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

ஆனி மாதம் சாரல் பிடித்து ஆறு நிறைந்து போகையில்தான் வேலையில் சேர்ந்தேன். குளித்துத் திருநீறு பூசி, சிவ சிவ என்று சொல்லிக்கொண்டு படியிறங்கிக் கோலைப் பிடிப்பேன். தண்ணீர் குறிக்கு மேலே ஒரு முழம், ஒன்றரை முழம் என்று நிற்கும். எழுதுகிற எனக்கே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். நெல்லையப்பர் புண்ணியத்தில் இப்படி ஒரு வேலை கிடைத்ததே என்று இருந்தேன்.

ஆடி பிறந்ததும் சாரல் நின்றுபோயிற்று. முதல் தேதி குறிக்கு மேல் பன்னிரண்டு அங்குலம். மறுநாள் பத்து. அப்புறம் எட்டு, ஆறு, நாலு, இரண்டு. கடிகாரத்தைத் திருகிவிட்ட மாதிரி நாளுக்கு இரண்டு அங்குலம் இறங்கியது. ஏழாம் தேதி தண்ணீர் குறியில் சரியாக நின்றது, சுழி போட்டேன். எட்டாம் தேதி குறிக்குக் கீழே இரண்டு அங்குலம்.

நோட்டைத் திறந்தேன். படுக்கைக்கோட்டைப் போடக் கை வரவில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் பானையில் அரிசி தீர்ந்துபோனால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டார்கள். அரிசி நிறைஞ்சிட்டு என்பார்கள். விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள். குளிர வை என்பார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். அந்தப் பேச்சிலேயே வளர்ந்தவன் நான். காலையில் எந்தத் தண்ணீரில் முங்கி எழுந்தேனோ, எதைத் தாயே என்று கும்பிட்டேனோ, அதன் பேருக்கு நேரே குறை என்று என் கையால் எழுதுவதா? குறிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு அங்குலம். அது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வெறும் இரண்டு என்று எழுதினேன். மறுநாள் நாலு. அதற்கு மறுநாள் ஆறு. மழை இல்லாதது ஆபீசுக்கும் தெரியும், புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆபீசில் ஒரு சட்டம் உண்டு. தண்ணீர் குறிக்கு மேல் நிற்கிற வரை எல்லாக் கால்வாய் மதகுகளையும் ஒன்றாகத் திறந்து வைக்கலாம். குறிக்குக் கீழே போய்விட்டால் முறைப்பாய்ச்சல்: தலைமதகுகளை நாலு நாள் அடைத்து, கடைமடைக்குத் தண்ணீர் தள்ள வேண்டும், பிறகு நாலு நாள் தலைக்கு. அடைக்காவிட்டால் தலைமதகுக்காரர்களே உறிஞ்சிக்கொள்வார்கள். கடைமடைக்கு வாய்க்காலில் ஈரம்தான் வரும். அடை என்று உத்தரவு போடுகிறவர் என்ஜினீயர் துரை. அவர் பார்ப்பது என் எண்களை.

பதினேழாம் தேதி காலை கோல் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பழையதில் கை வைத்தேன். என் மச்சினன் வாசலில் வந்து நின்றான். என் வீட்டுக்காரியின் தம்பி. அவர்கள் ஊர் கடைமடைக்கும் கடைமடை. அந்த ஊரைத் தாண்டினால் கால்வாயே இல்லை.

“அத்தான், ஆத்துல வெள்ளமாமே. எங்க ஊர்ப் பயிருக்குக் கால் நனைக்கத் தண்ணி இல்லை. ஒரு சட்டியில கோரிக் குடுங்க, தலையில வச்சுக் கொண்டுபோறேன்” என்றான்.

“என்ன மாப்ள சொல்லுத? வெள்ளம் எங்கன இருக்கு?”

“உங்க ஆபீஸ்ல இருக்கு. ஊர் கூடி மனு குடுத்தோம். ஆத்துத் தண்ணி தினம் ரெண்டு அங்குலம் ஏறுது, மதகெல்லாம் திறந்துதான் கெடக்கு, வாய்க்காலைத் தூர் வாராதது உங்க குத்தம்னு பதில் வந்திருக்கு. பயிர் கதிர் விடுத பொதியில நிக்கி அத்தான். இன்னும் நாலஞ்சு நாள் போச்சுன்னா மாட்டுக்குத்தான் அறுக்கணும்.”

கையைக் கழுவிவிட்டு நோட்டைத் திறந்தேன். சுழி, இரண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து. ஆற்றைக் கண்ணால் பார்க்காதவனுக்கு அது என்ன சொல்லும்? ஏறுகிறது என்றுதானே சொல்லும்?

அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நான் முழுவதும் சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது.

“பொம்பளை அடுக்களையில பேசுத பேச்சை ஆபீஸ் நோட்டுல எழுதுவாகளா? எழுந்திரிங்க. ரயிலுக்கு நேரமாகுது” என்றாள். துண்டை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போய் ரயிலைப் பிடித்தோம். திருநெல்வேலியில் இறங்கி ஜட்கா வைத்தோம். ஆற்றுப்பாலத்தில் வண்டி போகும்போது மச்சினன் கீழே கையைக் காட்டினான். பாலத்துக்கு அடியில் பாதி மணல்.

“இதைப் பாத்தாவது தெரிய வேண்டாமா அத்தான் அந்தத் துரைக்கு?”

ஆபீசிலும் போய் மச்சினன் அதையே சொன்னபோது, “கால்வாயெல்லாம் குடிச்சது போக மிச்சம்தான் பாலத்துக்கு வரும். இதை வச்சு அணையில என்ன நிக்குன்னு சொல்ல முடியாது வே” என்று பதில் வந்தது. சொன்னவர் அங்கே படம் வரைகிறவர். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர், என் வயதுதான் இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவர். காதில் எப்போதும் பென்சில். எங்கள் எண்களையெல்லாம் வாங்கிப் படமாகப் போட்டுத் துரையிடம் வைப்பது அவர் வேலை.

அவர் மேஜைமேல் ஒரு காகிதத்தை விரித்தார். பொடிப்பொடியாகக் கட்டம் போட்ட காகிதம். அதுவரை நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“இங்கன பாரும் அண்ணாச்சி. படுக்கையாப் போற கோடு நாள். நட்டமா நிக்கிற கோடு அங்குலம். நடுவுல இருக்கு பாரும், இந்தத் தடிச்ச கோடு, அதுதான் உம்ம குறி. நீர் அனுப்பின ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு புள்ளி வச்சு, புள்ளியைச் சேத்திருக்கேன்.”

என் பதினேழு நாளும் அதில் இருந்தது. நான் தனித்தனியாக எழுதினதெல்லாம் ஒரே பார்வையில் கண்ணுக்கு முன்னால் கிடந்ததைக் கண்டு எனக்கு வந்த காரியமே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. இடது கைப்பக்கம் பன்னிரண்டில் தொடங்கி, படி இறங்குகிற மாதிரி கோடு சாய்ந்து வந்து ஏழாம் தேதி தடிச்ச கோட்டைத் தொட்டது. தொட்ட இடத்திலிருந்து அதே சாய்வில் மேலே ஏறியது. கவட்டைக் கம்பை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. வலது கிளையில் மட்டும் ஒரு முறிவு: பன்னிரண்டாம் தேதி பத்தில் நின்றது, பதின்மூன்றாம் தேதி சடாரென்று நாலுக்கு விழுந்து, மறுபடி ஏறத் தொடங்கிப் பதினேழில் பன்னிரண்டுக்கு வந்திருந்தது. அந்தக் கடைசிப் புள்ளியை என் நோட்டைப் பார்த்து அப்போதுதான் வைத்தார்.

“பாத்தீரா? தரையில தட்டின பந்து கணக்கா மேல போவுது உம்ம ஆறு” என்றார்.

“ஐயா, அது தரையில தட்டலை. தரையைப் பொத்துக்கிட்டுக் கீழ போயிட்டு” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். காதிலிருந்த பென்சில் கைக்கு வந்தது.

“கோடு போடலையா வே நீரு?”

“போடலை.”

“ஏன்?”

சொன்னேன். திட்டப்போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“எங்க வீட்லயும் அரிசி நிறைஞ்சிட்டுன்னுதான் சொல்லுவா. மூணு தலைமுறையா ஏசு கோயிலுக்குப் போறோம், அந்தப் பேச்சு மட்டும் போகலை. ஆனா நீர் அதை ஆத்துக்கும் சொல்லிட்டீரே.”

அப்போது உள்ளறைக் கதவு திறந்து துரை வந்தார். வெள்ளைக்காரர். தஞ்சாவூர்ப் பக்கம் இருந்துவிட்டு வந்தவர். பரீட்சைக்குத் தமிழ் படித்துத் தேறினவர். ஆகவே புஸ்தகம் பேசுகிற மாதிரிப் பேசுவார். தலையில் தொப்பி ஏறியிருந்தது. இரண்டு மணிக்கு அவர் வண்டி குலசேகரன்பட்டினம் பக்கம் கடற்கரை முகாமுக்குக் கிளம்புகிறது, திரும்பப் பத்து நாள் ஆகும் என்று படம் வரைகிறவர் எனக்குக் காதோடு சொன்னார். பத்து நாள் என்றால் மச்சினன் ஊர்ப் பயிர் அவ்வளவுதான்.

நான் கும்பிட்டு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். எட்டாம் தேதியிலிருந்து எழுதினதெல்லாம் குறிக்குக் கீழே, கோடு போடாமல் விட்டுவிட்டேன் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி, பாதியில் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற மச்சினனுக்குப் பொறுக்கவில்லை.

“சொல்லுங்க அத்தான், வாயைத் திறங்க அத்தான்” என்று என் முழங்கையை இடித்தான்.

துரை அவன் பக்கம் திரும்பினார். “நீர் யார்?”

“கடைமடை ஊரு சாமி. மனுக் குடுத்த ஊரு.”

“இவரை அத்தான் என்று அழைத்தீர். அத்தான் என்பது தமக்கையின் கணவனைக் குறிக்கும் சொல் அல்லவோ?”

மச்சினன் முகம் வெளுத்துவிட்டது. துரை என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

“உமது மனைவி பிறந்த ஊருக்குத் தண்ணீர் வேண்டும். ஆகையால் எண்களை எழுதியபின் இப்பொழுது அவற்றின் பொருளை மாற்றுகிறீர். அப்படி நான் எண்ணினால் அது பிழையோ? ஆடியில் ஆறுகள் பெருகும். தஞ்சையில் அதற்கு விழாவே உண்டு.”

“அது காவேரி துரை அவர்களே” என்றார் படம் வரைகிறவர், பைய.

“ஆள் அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்க துரை” என்றேன்.

“அவன் திரும்புமுன் நான் கடற்கரையில் இருப்பேன்.” கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை. “இரண்டு மணி வரை உமக்கு நேரம் உண்டு. உமது வாய்ச்சொல் எனக்கு வேண்டா. உமது எண்களைக் கொண்டே மெய்ப்பிப்பீராக.”

கதவு சாத்திக்கொண்டது.

எண்களைக் கொண்டே மெய்ப்பிப்பது என்றால் என்ன? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வாயில் சிவ சிவ என்று வந்துகொண்டிருந்தது. மச்சினன் ஒரு மூலையில் போய், “என் நாக்கை அறுக்கணும்” என்று உட்கார்ந்துவிட்டான். நான் அந்தக் கவட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடது கிளை உண்மை. வலது கிளை தடிச்ச கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டியது. நான் அதைத் தூக்கி மேலே போட்டுவிட்டேன். மேலே தூக்கிப் போட்டதைக் கீழே மடித்துப் போட்டால்?

கேட்காமல் காகிதத்தை எடுத்தேன். தடிச்ச கோட்டின் மேலே சரியாக மடித்தேன்.

“ஏய்யா, ஏய்யா, அது துரைக்குப் போற காகிதம்” என்று அவர் பாய்ந்து வந்தார். வந்தவர் பாதியில் நின்றார். என் கையைப் பார்த்தார். அவருக்கும் பிடிபட்டுவிட்டது. டிராயரைத் திறந்து ஊசி ஒன்றை எடுத்தார். படத்தை ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு இறக்க அவர்கள் வைத்திருக்கிற ஊசி.

“அசையாமப் பிடியும்” என்றார்.

மடித்த காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டாம் தேதிப் புள்ளியில் ஊசி இறங்கியது. ஒன்பது. பத்து. வலது கிளைப் புள்ளிகள் பத்தையும் ஒவ்வொன்றாகக் குத்தினார். இடது கிளையைத் தொடவில்லை. விரித்து மேஜையில் வைத்தோம். அடியில் வெறுமனே கிடந்த கட்டங்களில் பத்துத் துளை விழுந்திருந்தது. அவர் பென்சிலால் துளைகளைச் சேர்த்தார்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இடது கிளை சாய்ந்து வந்து குறியைத் தொட்ட இடத்தில், கீழே இருந்த புதுக்கோடு அதே சாய்வில் பிடித்துக்கொண்டு இறங்கியது. அவர் நீளக் கோலை எடுத்து வைத்தார். முதல் தேதியிலிருந்து பன்னிரண்டாம் தேதி வரை கோலை விட்டு ஒரு நூல் விலகவில்லை. ஒரே கோடு. ஏழாம் தேதி முனையாக ஒடிந்து நின்றது ஆறு இல்லை, என் எழுத்துதான். ஆறு அது பாட்டுக்கு நேராகப் போயிருக்கிறது.

“ஸ்தோத்திரம்” என்றார் அவர்.

“சிவ சிவ” என்றேன் நான்.

மூலையிலிருந்து மச்சினன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். “என்னத்துக்கு ரெண்டு பேரும் அவங்கவங்க சாமியைக் கூப்பிடுதிய?”

காட்டினோம். அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவனே கேட்டான். “மழை வந்து மெய்யாவே அதே வேகத்துல ஏறியிருந்தாலும் முந்தின படம் சரிதானே? துரை அதைத்தானே கேப்பாரு?”

அவன் கேட்டது நியாயம். படம் வரைகிறவர் பீரோவைத் திறந்து போன வருஷத்துக் காகிதத்தை எடுத்தார். எனக்கு முந்தி இருந்தவர் ஒழுங்காகக் கோடு போட்டு எழுதின எண்கள். அதில் ஆறு ஏறின இடமெல்லாம் செங்குத்து. ஒரே நாளில் அரை முழம், ஒரு முழம் என்று துள்ளியிருக்கிறது. இறங்கின இடமெல்லாம் சாய்வு. நாளுக்கு இரண்டு அங்குலம் என்று ஒழுங்காகப் படியேறின இடம் வருஷம் முழுவதும் ஒன்றுகூட இல்லை.

“மலையில மழை பேஞ்சா ஆறு குதிச்சுல்லா வரும்” என்றேன். “படி எண்ணி ஏறாது.”

“சரிதான். ஆனா வேகத்தை மட்டும் சொன்னாத் துரை தலையாட்டணுமே” என்று அவர் பென்சிலைக் கடித்தார். மணி ஒன்றே கால்.

அப்போதுதான் அந்த முறிவில் என் விரல் போய் நின்றது. மேலே இருந்த படத்தில் பதின்மூன்றாம் தேதி ஆறு ஒரே நாளில் ஆறு அங்குலம் விழுந்திருக்கிறது. கீழே குத்தின படத்தில் அதே நாள் ஆறு அங்குலம் துள்ளி ஏறியிருக்கிறது. பத்துக் கீழே நின்றது நாலு கீழேயாக வந்திருக்கிறது.

“அன்னைக்கு மழைல்லா பேஞ்சுது அத்தான்” என்றான் மச்சினன். “மேக்க ஒரே இடி. எங்க ஊருக்கும் கொஞ்சம் தூத்தலா விழுந்துது. மறுநாள் வாய்க்கால்ல ஒரு சாண் ஓடுச்சு. அதைப் பாத்து ஏமாந்துதானே மனுக் குடுக்கப் பிந்திச்சு.”

படம் வரைகிறவர் பென்சிலைக் கீழே போட்டார். ஓடினார். மலைக்குக் கீழே ஒரு பங்களாவில் மழை அளக்கிற செம்பு உண்டு. அந்த அளவு தனியாக வேறொரு நோட்டில் ஆபீசுக்கு வரும். அதை எழுதுகிறவனை நான் பார்த்ததுகூடக் கிடையாது. அந்த நோட்டைக் கொண்டுவந்து போட்டார். அதில் இங்கிலீஷ் தேதி. மூன்று பேரும் விரல் விட்டு எண்ணித் தமிழ்த் தேதிக்கு மாற்றினோம். முதல் தடவை ஒரு நாள் தப்பிவிட்டது. மறுபடி எண்ணினோம். ஆடி முதல் தேதியிலிருந்து எல்லா நாளும் மழை இல்லை, இல்லை, இல்லை. பதின்மூன்றாம் தேதி காலை மட்டும் செம்பில் தண்ணீர்.

அவர் நோட்டையும் காகிதத்தையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். யாரும் கூப்பிடவில்லை.

துரை மடிப்பு விழுந்த காகிதத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். படம் வரைகிறவர் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். துரை கையைக் காட்டி நிறுத்தி, “எழுதியவரே சொல்லட்டும்” என்றார்.

எனக்கு எங்கிருந்து பேச்சு வந்ததோ. “துரை அவர்களே, இந்த மேல் படத்துல மழை இல்லாத நாளெல்லாம் ஆறு ஏறுது. மழை பேஞ்ச ஒரே நாள்ல ஆறு சரிஞ்சு விழுது. கீழ் படத்துல மழை இல்லாத நாளெல்லாம் இறங்குது, மழை பேஞ்ச அன்னைக்கு ஏறுது. இதுல எது தாமிரபரணி?”

துரை மழை நோட்டைப் பார்த்தார். மடிப்பை விரலால் நீவினார். ஊசித் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் தொப்பியைக் கழற்றினதும் மச்சினன் என் துண்டைப் பிடித்துக்கொண்டான்.

“மழையில் மெலிந்து வெயிலில் பெருகும் ஆற்றை நான் கண்டதில்லை” என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். “நீர் எழுதியது ஒரே எண்வரிசை. அதற்கு உரிய பொருளோ ஒன்றன்று. எந்நாள்முதல் எந்நாள்வரை எப்பொருள் என்று பிரித்து எழுதிக் கையொப்பம் இடுவீர்.”

படம் வரைகிறவர் பக்கத்தில் நின்று எண்ணிக் கொடுக்க நான் எழுதினேன். ஒன்றாம் தேதி முதல் ஏழாம் தேதி வரை: தேதியை இரண்டால் பெருக்கிப் பதினாலில் கழித்தால் வருகிற அளவு குறிக்கு மேல். எட்டாம் தேதி முதல் பன்னிரண்டு வரை: தேதியை இரண்டால் பெருக்கி அதில் பதினாலைக் கழித்தால் வருகிற அளவு குறிக்குக் கீழ். பதின்மூன்று முதல் பதினேழு வரை: இரட்டித்து இருபத்திரண்டைக் கழித்தால் வருகிற அளவு குறிக்குக் கீழ். ஒவ்வொரு தேதியையும் போட்டுப் பார்த்தோம். பதினேழை இரட்டித்தால் முப்பத்துநாலு. இருபத்திரண்டு போகப் பன்னிரண்டு. அன்று காலை நான் கோலில் பார்த்தது. நாள்தோறும் ஒரு துண்டுக் காகிதம் மாதிரி எழுதிப்போட்டவனுக்கு, பதினேழு நாளும் மூன்று வரிக்குள் வந்து அடங்கினதைப் பார்த்து அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது. மூன்று வரிக்கும் சேர்த்து அவர் இடது பக்கம் நெளிவாக ஓர் அடைப்புக்குறி இழுத்தார். அதற்கப்புறம் நோட்டை எடுத்து, எட்டாம் தேதி முதல் பதினேழாம் தேதி வரை ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் படுக்கைக்கோட்டை நானே போட்டேன். ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் தாயே மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டேன்.

துரை உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மதகைத் திறந்து அடைக்கிற லஸ்கர்களுக்குத் தந்தி போயிற்று: தலைமதகு அடை. வண்டியில் ஏறப் போனவர் திரும்பி, “காகிதத்தை மடித்தவர் யார்?” என்றார். நான் கையைத் தூக்கினேன். “அதை அப்படியே வையுங்கள்” என்று படம் வரைகிறவரிடம் சொல்லிவிட்டு ஏறினார்.

“மடிச்சது நீரு, பேரும் உமக்கு. திட்டு விழுந்திருந்தா எனக்குல்லா விழுந்திருக்கும்” என்று அவர் என் முதுகில் ஒன்று வைத்தார்.

இரண்டு நாள் கழித்து, காலை அளவை லஸ்கர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு மச்சினன் ஊருக்குப் போனேன். ஊரே வாய்க்கால் கரையில் நின்றது. பகல் பத்து மணிக்குத் தண்ணீர் வந்தது. முதலில் சத்தம், பிறகு சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு ஒரு விரல் கனத்தில் மண்ணை நனைத்தபடி வந்தது. பின்னாலேயே கணுக்கால் அளவு. வெடித்த வயலில் அது இறங்கும்போது மண் குமிழி விட்டது. மச்சினன் சேற்றில் குதித்து மண்வெட்டியோடு ஓடினான். எனக்கும் ஓட வேண்டும் போல இருந்தது. ஓடினேன்.

மேட்டு வயல்கள் சில முன்னமே வெளுத்துப் போயிருந்தன. அவற்றில் ஒன்றுக்குச் சொந்தக்காரர் தம் வயல் வாய்மடையை மண் போட்டு அடைத்து, தண்ணீரை அடுத்தவர் வயலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். கதிரைத் தொட்டுப் பார்த்தேன், வெறும் தோல்.

“நீருதான் அந்த அளவு பாக்கிறவரா?” என்றார்.

“ஆமா அண்ணாச்சி.”

“இந்தத் தண்ணி ஒரு வாரம் முந்தி வந்திருந்தா?”

“உங்க வயலும் பிழைச்சிருக்கும். தப்பு என்னுதுதான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

“காலுக்குக் கீழ பாரும். நண்டு வளையில தண்ணி போவுது. மிதிச்சு அடையும்” என்றார்.

பார்த்தேன். வரப்பின் அடியில் துளை விழுந்து, தண்ணீர் அவருடைய செத்த வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிக் குதிகாலால் மிதித்தேன். அவர் ஒரு வெட்டு மண்ணை எடுத்துப் போட்டார். நான் மிதித்தேன். அவர் போட்டார். பக்கத்து வயலில் தண்ணீர் ஏறி, மச்சினன் பயிரின் அடித்தண்டைத் தொட்டது.